மற்றவை என்ற கட்டம் கிடையாது

பொருளியல் டீச்சருக்கு உலகத்தில் யாரையுமே பிடிக்காத நாட்கள் உண்டு. அன்றைக்கு அவர் வாடகை வீடு பார்த்துவிட்டு வந்திருப்பார். அந்த வருஷம் மூன்று மாதமாக அப்படித்தான் ஓடியது. பள்ளிக்கூடம் விட்டதும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால், கால் வலிக்க வலிக்க ஏழு மணிக்குத்தான் வீடு வந்து சேர்வார். இருபத்தேழு வீடு பார்த்தாயிற்று. ஒரு வீட்டில் குளியலறைக் கதவைத் திறந்தால் அது அடுப்பில் போய் இடித்தது. இன்னொரு வீட்டில் ஜன்னல் இருந்தது, திறக்கத்தான் முடியாது, பக்கத்து வீட்டுச் சுவர் அதன் மேலேயே சாய்ந்திருந்தது. வீடு ஒழுங்காக இருந்த இடங்களில் உரிமையாளர்கள் ஒழுங்காக இல்லை.

"ரெண்டு பொம்பளைங்க மட்டுமா? வேற யாரும் இல்லையா?" என்று ஒருத்தர் கேட்டார். "டீச்சரா? வேண்டாங்க. டியூஷன் எடுப்பீங்க, வாசல்ல ஐம்பது ஜோடி செருப்பு கிடக்கும்" என்றார் இன்னொருத்தர். டியூஷனே எடுப்பதில்லை என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். "இப்ப எடுக்கல, நாளைக்கு எடுப்பீங்க" என்று கதவைச் சாத்திவிட்டார் அந்த மகராசன். நாளைக்கு நடக்கப்போவதைக் கண்டவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு டீச்சர் படி இறங்கினார்.

டீச்சருக்கு நாற்பத்தாறு வயது. கூட இருப்பது தங்கை, வயது முப்பத்தொன்பது, ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் வேலை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தங்கை பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ்தான், கூரைதான் மாறிக்கொண்டே வந்தது. இப்போது இருப்பது ஒன்பதாவது வீடு. அதையும் இடித்து நாலு மாடி கட்டப்போவதாக உரிமையாளரின் மகன் சொல்லிவிட்டான். மாதக் கடைசிக்குள் சாவியைக் கொடுத்தாக வேண்டும். வீடு கிடைக்காவிட்டால் என்ன என்பதும் பேசியாயிற்று. தங்கை ஆஸ்பத்திரி விடுதிக்குப் போவாள். அங்கே ஊழியர்களுக்கு மட்டும்தான் இடம், அக்காவுக்கெல்லாம் அனுமதி கிடையாது. டீச்சர் ஒன்றரை மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் பெரியப்பா மகள் வீட்டில், அவர்கள் தைக்கிற அறையில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வார்.

"நல்லதாப் போச்சு. உன் குறட்டை கேக்காமத் தூங்குவேன்" என்றாள் தங்கை. ஆனால் விடுதி விண்ணப்பத்தை நிரப்பி, கொடுக்காமல், பிஸ்கட் டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் ஒரு வாரம்கூடப் பிரிந்து இருந்ததில்லை.

இந்த லட்சணத்தில்தான் பதினொன்றாம் வகுப்புக்கு அந்தப் பாடம் வந்தது: வீட்டு வசதி நெருக்கடியின் காரணங்கள். பத்தொன்பது வருஷமாக நடத்தும் பாடம்தான். புத்தகத்தில் காரணங்கள் ஐந்து. மக்கள்தொகை கூடுகிறது, வேலை தேடி நகரத்துக்கு வருகிறார்கள், நிலம் விலை ஏறுகிறது, கட்டும் செலவு ஏறுகிறது, சம்பளம் மட்டும் ஏறுவதில்லை. டீச்சர் கட்டை விரலில் ஆரம்பித்துச் சுண்டு விரலில் முடிப்பார். பரீட்சை ஹாலில் பிள்ளைகள் இடது கையை விரித்துப் பார்த்துக்கொண்டு எழுதுவதை வைத்தே எந்தக் கேள்வி வந்திருக்கிறது என்று மற்ற ஆசிரியர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்த வருஷம் விரலோடு நிற்காமல் ஒரு விளையாட்டும் வைத்தார். வகுப்பில் நாற்பது பேர், நாற்பது நாற்காலி. நாலு நாற்காலியை வராந்தாவில் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லோரையும் ஒரு சுற்று நடக்கவிட்டு, "உக்காருங்க" என்றார். தடதடவென்று இடித்துத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"பாத்தீங்களா? ஆள் நாப்பது, நாற்காலி முப்பத்தாறு. அதனால நிக்கிறவங்க நாலு பேரு. இதுதான் நெருக்கடி" என்றார் டீச்சர்.

"மிஸ், ஆறு பேர் நிக்கிறோம்."

சொன்னது 'எதுக்கு'. அந்தப் பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர் அது. எதைச் சொன்னாலும் "எதுக்கு மிஸ்?" என்று கேட்பாள். மற்ற ஆசிரியர்கள் அவள் கையைத் தூக்கினாலே கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். டீச்சர் எண்ணிப் பார்த்தார். ஆறு பேர்தான்.

"அங்க பாருங்க மிஸ். ரெண்டு நாற்காலில பை உக்காந்திருக்கு. நாங்க நிக்கிறோம், அது ஜம்முனு உக்காந்திருக்கு."

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். ஆனால் அவள் விட்டால்தானே? "எங்க தெருவுலயும் அப்படித்தான் மிஸ். எத்தன வீடு பூட்டிக் கிடக்குது தெரியுமா? வீடு பத்தலன்னா அதெல்லாம் எதுக்கு மிஸ் பூட்டிக் கிடக்குது? அது எந்த விரல்ல வருது?"

டீச்சர் தன் இடது கையைப் பார்த்தார். எந்த விரலிலும் வரவில்லை. பத்தொன்பது வருஷமாக இதைக் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லையே, தனக்கும் தோன்றவில்லையே என்று அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. "தெரியல. போய் எண்ணிட்டு வந்து நீங்களே சொல்லுங்க" என்றார்.

அப்படித்தான் கணக்கெடுப்பு ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பத்துத் தெரு, நாலு பேர் கொண்ட பத்துக் குழு. டீச்சர் விதிகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். ஒன்று, மூன்று வெவ்வேறு நாள் மாலை நாலரை மணிக்குப் போய் மணி அடிக்க வேண்டும். மூன்று நாளும் யாரும் வராவிட்டால்தான் பூட்டிய வீடு. இரண்டு, ஏன் பூட்டியிருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் மரியாதையாக விசாரித்து, சொன்னவர்கள் சொன்னபடியே எழுத வேண்டும். மூன்று, காரணம் எழுதும் இடத்தில் 'மற்றவை' என்று எழுதினால் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார். நாலு, ஒவ்வொரு வாசலிலும் இதைச் சொல்லியாக வேண்டும்: "இது பாடத்துக்கு மட்டும். யாருக்கும் வீடு பிடிச்சுக் கொடுக்க இல்ல." இல்லாவிட்டால் தரகர் அனுப்பிய கூட்டம் என்று நினைத்து நாயை அவிழ்த்துவிடுவார்கள்.

மூன்றாவது விதி டீச்சருக்கு உயிர். அதற்குக் காரணம் இருந்தது. அவருக்கு ஒன்பது வயதில், குடும்பம் ஒரு கிடங்கின் மாடியில் குடியிருந்தது. கீழே சாக்கு மூட்டை, மேலே இவர்கள். கணக்கெடுக்க வந்த ஒருத்தர், வீட்டின் வகை என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவைக் கடித்துவிட்டு, 'மற்றவை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். "அப்பா, நாம மற்றவையா?" என்று இவர் கேட்டார். அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பாவின் அந்த முதுகு டீச்சருக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் அவருடைய வகுப்பில் எந்தப் பட்டியலிலும் அந்தக் கட்டம் கிடையாது.

மூன்று வாரத்தில் தாள்கள் வந்து குவிந்தன. சும்மா சொல்லக் கூடாது, பிள்ளைகள் பிரமாதப்படுத்தியிருந்தார்கள். பூட்டிய வீட்டைக் கண்டுபிடிக்க மணி அடிப்பது போதாதென்று மின்சார மீட்டர் ஓடுகிறதா, வாசலில் சருகு கிடக்கிறதா என்றெல்லாம் பார்த்து எழுதியிருந்தார்கள். ஒன்பது குழு சேர்ந்து நாற்பது பூட்டிய வீடு. பத்தாவது குழுவின் தலைவன் நெட்டை, பெயருக்கேற்ற உயரம், அதற்கேற்ற சோம்பல். "இன்னும் ஒரு தடவ மணி அடிக்கணும் மிஸ்" என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தான்.

காரணங்களைப் படிக்கப் படிக்க டீச்சருக்கு விரல் போதவில்லை. 'அண்ணன் தம்பி சண்டை, சாவி அண்ணனிடம், கதவு தம்பியிடம்.' 'விலை இன்னும் ஏறட்டும் என்று வைத்திருக்கிறார்கள்.' 'மகன் வெளிநாட்டில் இருக்கிறான், வருவான் என்று வருஷா வருஷம் வெள்ளை மட்டும் அடிக்கிறார்கள்.' 'கூரை ஒழுகுகிறது, சரி செய்ய வசதியில்லை.' 'நல்ல ஆளாக வரட்டும் என்று காத்திருக்கிறார், வந்த பதினாலு பேரும் நல்ல ஆள் இல்லையாம்.' அந்தப் பதினாலு பேரில் தானும் ஒருத்தி என்பது முகவரியைப் பார்த்ததும் டீச்சருக்குப் புரிந்தது. அவர்தான் அந்தச் செருப்பு மகராசன்.

எல்லாவற்றையும் ஒரு பெரிய அட்டையில் வரிசையாக எழுதி வகுப்புச் சுவரில் மாட்டினார்கள். ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் காரணம் காலியாக இருந்தது. பட்டியலில் இருபத்துமூன்றாம் எண், பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் இரண்டு அறை வீடு. அக்கம்பக்கத்தில் யாருக்கும் காரணம் தெரியவில்லை. அது 'எதுக்கு'வின் குழு பார்த்த தெரு. அவளுக்கு அந்தக் காலிக் கட்டம் மண்டையைக் குடைந்தது.

வீட்டில் தங்கை வேறு குடைந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். திரைச்சீலைகளை ஏற்கெனவே கழற்றியாயிற்று. "நாப்பது பூட்டின வீட்டு விலாசத்தப் பையில வச்சுக்கிட்டுத் தெருத்தெருவா வீடு தேடுற ஒரே ஆளு இந்த உலகத்துல நீதான் அக்கா" என்றாள்.

"அது பாடத்துக்கு."

"பாடம் நடத்துற டீச்சர் தெருவுல நின்னா பரவாயில்லையா? நாலு வீட்டுல போய்க் கேட்டா என்ன குறைஞ்சா போயிடும்?"

"பசங்க ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, யாருக்கும் வீடு பிடிச்சுக் கொடுக்க இல்லன்னு சொல்லியிருக்காங்க. அத நம்பித்தான் அவங்க வீட்டு விஷயத்தையெல்லாம் சொன்னாங்க. மறுநாளே நான் போய் நின்னா பசங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"விதியாம் விதி" என்று தங்கை ஒரு கிண்ணத்தை நறுக்கென்று வைத்தாள். பிறகு பிஸ்கட் டப்பாவைப் பார்த்துக்கொண்டே, "சரி விடு, விடுதியில டீ நல்லாத்தான் இருக்காம்" என்றாள். டீச்சர் அடுத்த தட்டைத் தாளில் சுற்ற ஆரம்பித்தார். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

மறுநாள் முதல் பாடவேளையிலேயே தலைமையாசிரியையிடமிருந்து ஆள் வந்தது. டீச்சர் அறைக்குள் நுழைந்தார். நாற்காலியில் ஒருத்தர் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். டீச்சரின் கண்ணாடிக்கே இரண்டு தடவை திருகு மாட்டிக் கொடுத்தவர். கையில் ஒரு தாளைக் கசக்கிப் பிடித்திருந்தார். கோபமா பயமா என்று சொல்ல முடியவில்லை.

"இது என்னன்னு கேளுங்க மேடம்! ஒரு வாரமா நான் தூங்கல!" என்று தாளை மேஜையில் போட்டார்.

டீச்சர் எடுத்துப் படித்தார். மேலே கொட்டை எழுத்தில் 'அறிவிப்பு'. கீழே இப்படி இருந்தது: 'மூன்று முறை வந்தும் தங்கள் வீடு பூட்டியிருந்தது. பூட்டியிருப்பதற்கான காரணத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். மற்றவை என்று எழுதக் கூடாது.' அதற்கும் கீழே பள்ளிக்கூட அலுவலகத்தின் வட்ட முத்திரை. எழுதிய எழுத்து 'எதுக்கு'வினுடையது. முத்திரை எப்படி வந்தது? அலுவலக குமாஸ்தா முன்னால் எந்தத் தாளை நீட்டினாலும், படிக்காமல் குத்திக் கொடுப்பது அவர் வழக்கம். அதை அவள் குழு இருபத்துமூன்றாம் எண் வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டிருக்கிறது, பூட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்த கடைக்காரர் கையில் அது சிக்கியிருக்கிறது.

"அரசாங்கம் வீட்ட எடுத்துக்கப் போகுதுன்னு நெனச்சேன். வக்கீலப் பாத்தேன். அவரு தாளத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'மற்றவைன்னு எழுதக் கூடாதுங்கிறது எந்தச் சட்டம்னு தேடிப் பாக்கணும்'ங்கிறாரு! இன்னிக்குத்தான் முத்திரையக் கண்ணாடி போட்டுப் படிச்சேன். பள்ளிக்கூடம்!"

கண்ணாடிக் கடைக்காரர் ஒரு வாரமாகக் கண்ணாடி போடாமல் படித்திருக்கிறார் என்பது டீச்சருக்குச் சிரிப்பை மூட்டியது. சிரித்தால் வேலை போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். "தப்பு எங்க மேலதான் சார். பசங்க காரணம் கேட்டு எழுதினாங்க, எழுதுற விதம் தெரியல. நான்தான் பாத்திருக்கணும். மன்னிச்சுக்கோங்க" என்றார். வேறு சாக்குச் சொல்லவில்லை.

"பசங்களா எழுதினது?" அவர் குரல் சட்டென்று இறங்கியது. "அப்ப வீட்ட யாரும் எடுக்க மாட்டாங்களா?"

"யாரும் எடுக்க மாட்டாங்க சார். இது பதினொண்ணாம் வகுப்புப் பாடம்."

"அப்பாடா!" என்று அவர் நாற்காலியில் அப்படியே சரிந்தார். தலைமையாசிரியை டீச்சரை முறைத்த முறைப்பு மட்டும் இன்னும் குறையவில்லை. "உங்க கிட்ட அப்புறம் பேசிக்கிறேன்" என்றார். கடைக்காரருக்கு இப்போது பயம் போய் ஆவல் வந்துவிட்டது. தன் வீட்டைப் பற்றி அந்தப் பட்டியலில் என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும் என்றார். மூன்று பேருமாக வகுப்புக்குப் போனார்கள்.

வகுப்பு எழுந்து நின்றது. 'எதுக்கு'வின் முகத்தில் ஈயாடவில்லை. கடைக்காரர் அட்டையின் முன்னால் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இருபத்துமூன்றாம் எண்ணைத் தேடிப் பிடித்தார். "ஒண்ணுமே எழுதலையே?"

"அதான் சார் கடிதம் போட்டோம்" என்றாள் 'எதுக்கு' மெல்லிய குரலில். "அந்த ஒரு கட்டம் மட்டும் காலி. எதுக்கு சார் பூட்டி வச்சிருக்கீங்க?"

தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார். கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. ஐந்து வருஷமாக அவரிடம் இதை யாரும் நேராகக் கேட்டதில்லை போலிருக்கிறது, கேட்டதும் கொட்டிவிட்டார். "முன்னாடி ஒருத்தருக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். ஒரு வருஷம்னு வந்தவரு. மகளுக்குக் கல்யாணம், வீடு வேணும்னு கேட்டேன். போக மாட்டேன்னுட்டாரு. நாலு வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சேன். மக கல்யாணமாகி அவ பிள்ளையே நடக்க ஆரம்பிச்சாச்சு, அப்பத்தான் வீடு கைக்கு வந்துச்சு. அன்னிக்குப் பூட்டினது. இனிமே யாருக்கும் விட மாட்டேன். வீட்டக் கொடுத்துட்டுப் பயந்து பயந்து சாக நம்மால முடியாதுப்பா."

'எதுக்கு' பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் எழுதினாள்: 'கொடுத்தால் திரும்பக் கிடைக்காது என்ற பயம்.' டீச்சர் பார்த்துக்கொண்டே நின்றார். வாசல் வாசலாக ஏறி இறங்கியபோது இவர் எந்தக் கதவுகளைப் பார்த்து நடுங்கினாரோ, அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்களும் எதையோ பார்த்து நடுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். புத்தகம் எழுதியவர் இதை விட்டுவிட்டாரே என்று நினைத்தார்.

கடைக்காரருக்குப் பட்டியல் பிடித்துவிட்டது. ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். கடைசியில், அன்று காலையில்தான் நெட்டை கொண்டுவந்து ஒட்டிய நாற்பத்தொன்றாம் எண்ணில் வந்து நின்று, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இத கேளுங்க! 'மூன்று நாளும் பூட்டு. ஜன்னலில் திரை இல்லை. உள்ளே அட்டைப் பெட்டிகள். வாசலில் சருகு. காரணம், பக்கத்து வீட்டு அம்மா சொன்னது: அந்த ரெண்டு அக்கா தங்கச்சியும் வாடகைக்கு வீடு தேடித் தேடி வீட்டுல இருக்கறதே இல்ல.' வீடு தேடப் போனதால வீடு பூட்டியிருக்காம்! யாருப்பா இந்தப் புண்ணியவதிங்க?"

வகுப்பும் சேர்ந்து சிரித்தது. டீச்சர் முகவரியைப் படித்தார். பத்தாவது தெரு தன் தெரு என்று தெரிந்துதான் கொடுத்திருந்தார். தன் வீடு பூட்டிய வீடாகப் பட்டியலில் ஏறும் என்று நினைக்கவே இல்லை. பிள்ளைகள் யாருக்கும் அவர் வீடு தெரியாது. விலாசம் கேட்டால், "சொல்லி முடிக்கறதுக்குள்ள மாறிடும்" என்று சிரித்து மழுப்பிவிடுவார். இப்போதும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நாற்பத்தொன்று என்பது தப்பான கணக்கு. தப்பான கணக்கைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு அவரால் பாடம் நடத்த முடியாது.

"அந்தச் சிவப்புப் பேனாவக் குடு" என்று நெட்டையிடம் வாங்கி, நாற்பத்தொன்றாம் வரியின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். "இது பூட்டின வீடு இல்ல. ஆள் குடியிருக்காங்க. கணக்கு நாப்பதுதான்."

"மிஸ், மூணு தடவ மணி அடிச்சோம் மிஸ்! விதிப்படிதான் எழுதினோம்! ஆள் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" நெட்டைக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை முழுசாகச் செய்திருந்தான்.

"நீங்க செஞ்சது சரிதான். விதியிலதான் ஓட்டை. நாலரை மணிக்கு வேலையிலயோ வெளியிலயோ இருக்கறவங்கள நான் யோசிக்கல." டீச்சர் பேனாவை மூடினார். "எனக்கு எப்படித் தெரியும்னா, அது என் வீடு."

கடைக்காரர் சிரிப்பைப் பாதியில் விழுங்கினார். தலைமையாசிரியையின் முறைப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே" என்றார். "எல்லாரும் தேடறதுதானே மேடம்" என்றார் டீச்சர். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். 'எதுக்கு' அன்று முழுவதும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அடுத்த மூன்று நாளும் டீச்சர் வழக்கம்போல் தேடினார். முப்பது வீடு ஆனது. பின்தெரு வழியாகப் போனால் இருபத்துமூன்றாம் எண் வீட்டைத் தாண்ட வேண்டியிருக்கும் என்று சுற்றுவழியில் போனார். பெரியப்பா மகளுக்குப் போன் செய்து, தையல் மிஷினைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று கேட்டார். தங்கை விண்ணப்பத்தை டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கைப்பையில் வைத்தாள். மறுநாள் கொடுத்துவிடுவதாக இருந்தாள்.

மூன்றாம் நாள் மாலை டீச்சர் படியேறும்போதே தங்கை வாசலில் நின்றாள். முகம் வெளிறியிருந்தது. "அக்கா, நமக்கு நோட்டீஸ் வந்திருக்கு. கதவுக்கு அடியில கிடந்துச்சு. தலைப்பப் பாத்ததுமே பயமாயிடுச்சு, மேல படிக்கல" என்று ஒரு தாளை நீட்டினாள்.

மேலே கொட்டை எழுத்தில் 'அறிவிப்பு'. கீழே கண்ணாடிக் கடையின் முத்திரை. 'மூன்று முறை வந்தும் தங்கள் வீடு பூட்டியிருந்தது. பின்தெருவில் இரண்டு அறை வீடு ஒன்று இருக்கிறது. வந்து பார்க்காவிட்டால் அதற்கான காரணத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். மற்றவை என்று எழுதக் கூடாது.'

டீச்சர் இரண்டு தடவை படித்தார். பிறகு அட்டைப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியவில்லை. உள்ளே பாத்திரங்கள் கலகலத்தன. "என்னக்கா? என்ன? சொல்லித் தொலை!" என்று தங்கை தோளைப் பிடித்து உலுக்கினாள். சொன்னதும் அவளும் பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெட்டியில் கண்ணாடித் தம்ளர்கள் இருந்தன. இரண்டு உடைந்தன. யாரும் கவலைப்படவில்லை.

மறுநாள் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் டீச்சர் வகுப்பில் விஷயத்தைச் சொன்னார். "நாலாவது விதி நான் போட்டது. இப்ப நான் இந்த வீட்ட எடுத்தா அது மீறினதா ஆகுமா? நீங்கதான் வாசல் வாசலா வாக்குக் கொடுத்தீங்க, நீங்களே சொல்லுங்க." சளசளவென்று விவாதம் நடந்தது. 'எதுக்கு' எழுந்தாள். "மிஸ், நீங்க அவருகிட்ட வீடு கேட்டீங்களா?" "கேக்கல." "நாங்க கேட்டோமா?" "இல்ல." "அவரா வந்து, மூணு தடவ மணி அடிச்சு, லெட்டர் போட்டிருக்காரு. அப்புறம் எதுக்கு மிஸ் யோசிக்கிறீங்க?" நாற்பது பேரும் மேஜையைத் தட்டினார்கள். டீச்சருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

வீட்டில் ஐந்து வருஷத் தூசி. குழாயைத் திறந்தால் முதலில் இருமியது, பிறகு துருத் தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர். வாடகை இப்போது கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூட, தாங்குகிற அளவுதான். கடைக்காரர் சுற்றி வளைத்து, தயங்கித் தயங்கித் தன் கேள்விக்கு வந்தார். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். நாளைக்கு வேணும்னு கேட்டா காலி பண்ணிடுவீங்கல்ல?"

"சார், இப்ப இருக்கறதோட ஒன்பது வீடு காலி பண்றோம்" என்றாள் தங்கை. "காலி பண்றதுல எங்கள மிஞ்ச ஆள் கிடையாது. வேணும்னா ஒன்பது வீட்டுக்காரங்ககிட்டயும் எழுதி வாங்கித் தர்றோம்." கடைக்காரர் சிரித்தார். காலி செய்வதானால் மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்று இரண்டு பக்கமும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அவர் இந்தத் தடவை கண்ணாடி போட்டுப் படித்தார்.

அவர்கள் குடி வந்த அடுத்த வியாழக்கிழமை தங்கைக்கு விடுமுறை. அலமாரித் தட்டில் விரிக்க அவளுக்குத் தாள் தேவைப்பட்டது. கைப்பையிலிருந்து விடுதி விண்ணப்பத்தை எடுத்து, மடிப்பை நீவி, தட்டில் விரித்து, அதன் மேல் பிஸ்கட் டப்பாவை வைத்தாள். டீச்சர் பார்த்தார். இப்போதும் காட்டிக்கொள்ளவில்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக நாலரை மணிக்கு வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

வாசல் மணி அடித்தது.

திறந்தால் 'எதுக்கு'வும் நெட்டையும். கையில் அட்டை, தாள், பேனா. டீச்சரை முன்பின் பார்த்ததே இல்லை என்பது போல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். 'எதுக்கு' தொண்டையைச் செருமிக்கொண்டு ஒப்பித்தாள். "வணக்கம். நாங்க பதினொண்ணாம் வகுப்பு மாணவர்கள். இது பாடத்துக்கு மட்டும். யாருக்கும் வீடு பிடிச்சுக் கொடுக்க இல்ல. பட்டியலத் திருத்தணும். இந்த வீட்டுல ஆள் குடியிருக்காங்களா?"

"இருக்கோம்" என்றார் டீச்சர்.

'எதுக்கு' இருபத்துமூன்றாம் வரியை அடித்தாள். "எத்தன பேரு?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து தங்கை கத்தினாள். "ரெண்டு பேரு! ரெண்டு பேருன்னு நல்லாப் பெருசா எழுதிக்கோங்க!"